அம்மாவின் பவானி ஜமுக்காளம்: எலி கடித்த இடத்தை எப்படிச் சரிசெய்வது?

கேட்பவர்: மாடிப்படி

எல்லோருக்கும் வணக்கம். கைத்தறி விரிப்புகளைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு பவானி ஜமுக்காளம் இருக்கிறது. 1978இல் அம்மாவின் கல்யாணத்துக்காகத் தாத்தா வாங்கியது. ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறையில் முழுகப் போனவர், திரும்பும்போது அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார் என்று பாட்டி சொல்வார். சிவப்பு, பச்சை, மஞ்சள், கருநீலம் என்று பட்டை பட்டையாக ஓடும் விரிப்பு. ஒரு மூலையில் கறுப்பு நூலால் 'ரா' என்று ஓர் எழுத்தை அம்மா தைத்து வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அந்த ஜமுக்காளம் போகும். நாலைந்து வீட்டு விரிப்புகள் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் நம்முடையது எது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் அந்த எழுத்து. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, துக்கம் எல்லாவற்றுக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

அம்மா போன வருடம் காலமானார். வீட்டைக் காலி செய்யும்போது பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் இது கிடைத்தது. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியாக எலி உள்ளே போயிருக்கிறது. விரித்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அந்த 'ரா' எழுத்திலிருந்து ஒரு சாண் தூரம்தான். அது தப்பியதே பெரிய விஷயம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இது தவிர, எட்டாக மடித்து வைத்திருந்ததால் மடிப்பு விழுந்த இடங்களில் நூல் மெலிந்திருக்கிறது. ஒரு மடிப்பில் விரல் நீளத்துக்குக் கீறலும் விட்டிருக்கிறது. பெட்டியின் துரு இரண்டு இடங்களில் படிந்து பழுப்பாக இருக்கிறது. பழைய வாடை வேறு.

தம்பி, "இதை யார் இனிமேல் விரிக்கப் போகிறார்கள், தூக்கிப் போடு அக்கா" என்கிறான். என் மகளுக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. நல்ல பகுதியை வெட்டிச் சோபாவுக்குக் குஷன் உறை தைக்கலாம், 'ரா' எழுத்தை மட்டும் தனியாக வெட்டிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறாள். அவள் அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனால் கத்தரிக்கோலை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சலவைக்குக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சின்ன ஜமுக்காளத்தை ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். சிவப்பு முழுவதும் மஞ்சளில் இறங்கி, ரத்தக்கறை மாதிரி திட்டுத்திட்டாகத் திரும்பி வந்தது. கடைக்காரர், பழைய சாயம் அப்படித்தான் என்று சொல்லி முடித்துவிட்டார்.

எனக்கு இதை மறுபடியும் முன்னறையில் விரிக்க வேண்டும். அதன்மேல் ஆட்கள் உட்கார வேண்டும். எப்படிச் சுத்தம் செய்வது? ஓட்டையை வீட்டிலேயே அடைக்க முடியுமா? எனக்குக் கைத்தையல் ஓரளவு வரும். பொத்தான் தைப்பேன், புடவைக்கு ஓரம் அடிப்பேன். அதற்கு மேல் பழக்கம் இல்லை.

*

பதில்: நீலவாசல்

உங்கள் மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். என் மாமியாரின் ஜமுக்காளம் இதைவிட மோசமான நிலையில் இருந்தது. பாதிக்கு மேல் இற்றுப்போய், தொட்டால் நூல் நூலாக வந்தது. மீதியை வெட்டி இரண்டு திண்டு உறையும் ஒரு தோள்பையும் தைத்தோம். பத்து வருடமாகத் தினமும் கையில் புழங்குகிறது. பெட்டியில் கிடந்து மக்குவதைவிட அது மேல்.

வெட்டுவதாக முடிவு செய்தால் ஒன்றை மறக்காதீர்கள். வெட்டப்போகும் கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் தையல் மெஷினில் இரட்டைத் தையல் போட்டுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். நான் வெட்டிவிட்டுத் தைக்கலாம் என்று நினைத்தேன். மேஜையிலிருந்து மெஷினுக்குக் கொண்டுபோவதற்குள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நூல் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

*

பதில்: வெள்ளைத்தொப்பி

விரிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. செவிலியராக இருந்தவள் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். எலி புழங்கிய துணியை வீட்டுக்குள் வைத்து உதறாதீர்கள். மாடியில் காற்றோட்டமான இடத்தில், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு பிரியுங்கள். புழுக்கை இருந்தால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசி கிளம்பும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். அந்தத் தகரப் பெட்டியைக் கழுவும்போதும் கையுறை வேண்டும்.

*

பதில்: கூடுதுறை

அம்மணி, உங்கள் தாத்தா முழுகிய துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நான் பிறந்த வீடு. அப்பா ஜமுக்காளத் தறிக்காரர். எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. பதினாறு வயதுவரை தார்க் குச்சியில் நூல் சுற்றியிருக்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு தறியில் உட்கார்ந்தும் நெய்திருக்கிறேன். இப்போது கண் ஒத்துழைப்பதில்லை, ஆனாலும் கிழிந்த ஜமுக்காளத்தை அக்கம்பக்கத்தில் இன்றும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வெட்ட வேண்டாம்.

நீலவாசல் சொன்னது அவருடைய விரிப்புக்குச் சரி. இற்றுப்போனதை வெட்டித்தான் காப்பாற்ற முடியும். உங்களுடையதில் ஓர் ஓட்டை, ஒரு கீறல், இரண்டு கறை. மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது. ஜமுக்காளத்தைப் பிடித்து நிறுத்துவது அதன் நாலு ஓரம்தான். அகலமான விரிப்பு என்றால் எங்கள் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். நூலைக் கொண்டுபோகும் நாடாவை அப்பா ஒரு பக்கமிருந்து தள்ளுவார், சித்தப்பா மறுபக்கம் வாங்கித் திருப்பி அனுப்புவார். நாடா திரும்புகிற ஒவ்வொரு தடவையும் குறுக்கே ஓடும் ஊடை நூல், நெடுக்கே ஓடும் கடைசிப் பாவு இழையைச் சுற்றிக்கொண்டு திரும்பும். அந்தச் சுற்றுதான் கரையின் பலம். திருப்பத்தில் நூலை அதிகம் இழுத்தால் விரிப்பு நடுவில் ஒடுங்கும், தளர விட்டால் ஓரம் அலையலையாக நிற்கும். அப்பா திருப்பத்துக்குத் திருப்பம் கட்டைவிரலால் கரையைத் தடவிப் பார்ப்பார். சாப்பாட்டுக்கு எழுந்து வந்தால் அந்த விரல் நுனியில் அன்றைக்கு ஓடிய நூலின் நிறம் ஏறியிருக்கும். நீங்கள் வெட்டினால் அந்தச் சுற்று அத்தனையும் போய்விடும். பிறகு அது வெறும் கனத்த துணி.

முதலில் சுத்தம். துவைப்பதைப் பற்றி இப்போது நினைக்கவே நினைக்காதீர்கள். நிழலான மாடியிலோ தாழ்வாரத்திலோ கயிற்றுக் கட்டில்மேல் விரித்துப் போடுங்கள். இரண்டு நாள் ஒரு பக்கம், இரண்டு நாள் மறுபக்கம். வாடையில் பாதி அதிலேயே போய்விடும். காலை வெயில் அரை மணி நேரம் படலாம், உச்சி வெயில் கூடாது. பிறகு தூசி உறிஞ்சும் மெஷின் இருந்தால், அதன் வாயில் ஒரு துண்டுக் கொசுவலையைக் கட்டி, மிகக் குறைந்த வேகத்தில் வைத்து மெதுவாக எடுங்கள். வலை இல்லாவிட்டால் மெலிந்த நூலையும் சேர்த்து இழுத்துவிடும். கம்பால் அடிக்க வேண்டாம். நாற்பது வருடத்துப் பருத்தி நூல் அடி தாங்காது.

அடுத்தது சாயச் சோதனை. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பட்டையின்மேல் வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் நிறம் இறங்கினால் அந்த நிறம் இன்னும் கட்டவில்லை என்று அர்த்தம். சோப்புக் கரைசலிலும் இதே சோதனையைச் செய்யுங்கள், ஏனென்றால் தண்ணீருக்கு நிற்கிற சாயம் சோப்புக்கு நிற்காமல் போகலாம். உங்கள் சின்ன ஜமுக்காளத்துக்கு நேர்ந்தது இந்தச் சோதனையைச் செய்யாததால்தான். சிவப்பு எப்போதும் சந்தேகத்துக்கு உரியது.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் கட்டும், வினிகர் ஊற்றினால் கட்டும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். சாயம் போடும்போது உப்பு உதவும், நூல் சாயத்தை இழுத்துக்கொள்வதற்கு. நெய்து முடித்து நாற்பது வருடம் ஆன பருத்தியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பும் பிடிக்காது, வினிகரும் பிடிக்காது. எந்த நிறமாவது இறங்கினால் முழு விரிப்பையும் நனைக்காதீர்கள். அழுக்கு உள்ள இடத்தை மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒரு நிறமும் இறங்காவிட்டால் பச்சைத் தண்ணீரில் அலசலாம். ஊறப்போடக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. உலர்த்துவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நனைந்த ஜமுக்காளம் இரண்டு ஆள் தூக்கும் கனம் இருக்கும். அதை ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் அத்தனை கனமும் ஒரே கோட்டில் நின்று அந்த இடம் நீண்டுவிடும். மூன்று நாலு கொடிகளின்மேல் படுக்கை வாட்டில் பரப்புங்கள், அல்லது சுத்தமான பாயின்மேல் விரியுங்கள்.

துருக்கறையை விட்டுவிடுங்கள் என்பேன். எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் வெள்ளை வேட்டியில் துரு போகும். சாயத் துணியில் துருவோடு நிறமும் சேர்ந்து போகும், பழுப்புத் திட்டு இருந்த இடத்தில் வெளிறிய திட்டு வரும். வெள்ளை வேட்டிக்குப் போடும் பிளீச்சிங் தூள் பக்கம் போகவே கூடாது, துரு இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிடும்.

இனி ஓட்டை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குஞ்சம் தொங்குகிறதே, அந்தப் பக்கமாக ஓடுகிற நூல்தான் பாவு. குறுக்கே போவது ஊடை. ஓட்டையில் முதலில் பாவு இழையைத்தான் கட்ட வேண்டும். பாவு இல்லாமல் ஊடையைத் தைத்தால், அது மூட்டை வாயைச் சுருக்கிக் கட்டியது மாதிரி ஆகிவிடும்.

நூல் கனமானதாக வேண்டும். தையல் நூல் ஆகாது, அது பழைய இழையை அறுத்துவிடும். நூலின் கனத்தை நம்பரால் சொல்வார்கள். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்குப் பத்துச் சிட்டம் நின்றால் பத்தாம் நம்பர், நாற்பது நின்றால் நாற்பதாம் நம்பர். அதாவது நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். பத்தாம் நம்பர் பருத்தி நூல் வாங்கி, உங்கள் விரிப்பின் இழைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனம் போதாவிட்டால் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள். நூலை முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கிச் சுற்றியுள்ள இடத்தையும் இழுக்கும். சாயமும் கையில் ஒட்டாததாகப் பாருங்கள்.

விரிப்பைத் தரையில் வைத்துத் தைக்காதீர்கள். ஒரு பலகையில் ஓட்டை உள்ள பகுதியை மட்டும் வைத்து, சுற்றிலும் குண்டூசி குத்தி, இழுக்காமல் சமமாக நிறுத்திக்கொள்ளுங்கள். எலி கடித்த நுனிகளை வெட்டிச் சீராக்க வேண்டாம், ஒவ்வொரு நுனியும் உங்களுக்கு வேண்டும். முனை மழுங்கிய கோணி ஊசியை எடுத்து, ஓட்டைக்கு இரண்டு விரல் கட்டை மேலே நல்ல துணியில் தொடங்கி, பழைய பாவு இழை போன வழியிலேயே மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டு வந்து, வெற்றிடத்தைத் தாண்டி, அந்தப் பக்கமும் இரண்டு விரல் கட்டை உள்ளே போய் நிறுத்துங்கள். முடிச்சுப் போட வேண்டாம். முடிச்சு மேலே உட்காருபவர் காலில் உறுத்தும், முதலில் தேய்வதும் அதுதான். அடுத்த இழை அதற்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே நீளத்தில் முடிய வேண்டாம். ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைய முடிந்தால்தான் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மடிப்பு விழாது.

பாவு கட்டிய பிறகு ஊடை. ஒன்று விட்டு ஒன்று, மேலே கீழே. அடுத்த வரிசையில் மாற்றி. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் சாப்பிடும் முள்கரண்டியால் தட்டி உட்காரவையுங்கள். தறியில் ஊடையை நெருக்கித் தட்டும் அச்சு எங்களுக்குச் செய்த வேலையை உங்களுக்கு அது செய்யும். ஊடையை நேராக இழுக்காதீர்கள். சின்ன வில் மாதிரி வளைத்து விட்டுவிட்டுத் தட்டினால் அது தானாக உட்காரும். முதல் தடவை செய்பவர்கள் எல்லோரும் இழுத்துவிடுவார்கள்.

மடிப்பில் இருக்கும் கீறலுக்கு இவ்வளவு வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துண்டைத் துவைத்துக் காயவைத்து, கீறலுக்கு அடியில் வைத்து, மேலிருந்து சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போட்டால் போதும். இனிமேல் மடிக்கவே கூடாது. பிளாஸ்டிக் குழாய்க்குப் பழைய வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் ஜமுக்காளத்தைச் சுருட்டி வையுங்கள். தகரப் பெட்டி வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது தையல் சம்பந்தப்பட்டது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமை ஆலைத் துணி வந்து கைத்தறியை நசுக்கியபோது, எங்கள் ஊர் நெசவாளர்கள் கனத்த வண்ண நூலை எடுத்து நெய்ய ஆரம்பித்ததுதான் ஜமுக்காளம். 1985ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமுக்காளமும் கைத்தறிக்கு என்று ஒதுக்கப்பட்ட ரகம். 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும் விசைத்தறி விரிப்பு 'பவானி' என்ற பெயரில் விற்பதைக் கண்ணால் பார்க்கிறேன். தறிக்குழியை மண் போட்டு மூடிவிட்டு வேறு வேலைக்குப் போன வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனையோ. எங்கள் வீட்டுக் குழியும் மூடியாகிவிட்டது. அதன்மேல் இப்போது பேரனின் சைக்கிள் நிற்கிறது. 1978இல் நெய்த ஒன்று முழுசாக ஒரு வீட்டில் இருக்கிறது என்று படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதை நெய்தவர் எனக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம்.

*

மாடிப்படி

அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கரையைத் தடவிப் பார்க்கும் கட்டைவிரல் வந்த இடத்தில் அவள் எழுந்துபோய் ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு குஷன் பேச்சை எடுக்கவில்லை. வெள்ளைத்தொப்பி அவர்களுக்கும் நன்றி. முகக்கவசத்தோடுதான் பிரித்தோம், நிறையவே புழுக்கை இருந்தது.

மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

சாயச் சோதனையில் பச்சையும் கருநீலமும் ஒரு துளிகூட இறங்கவில்லை. மஞ்சள் சோப்பில் லேசாக. சிவப்பு, வெறும் தண்ணீரிலேயே துணியை ரோஜா நிறமாக்கிவிட்டது. அதனால் நனைக்கவில்லை. காற்றாட விட்டு, கொசுவலை கட்டித் தூசி எடுத்து, கால் பட்டுக் கறுத்திருந்த இடங்களை மட்டும் ஒற்றினேன். வாடை போய்விட்டது. அம்மா அலமாரியில் போடும் வசம்பின் மணம் மட்டும் எங்கோ அடியில் இருக்கிறது. அது இருக்கட்டும்.

ஓட்டையில் பாவு கட்ட இரண்டு மாலை ஆனது. எண்ணிப் பார்த்துக் கோத்தேன். அப்படியும் ஓர் இடத்தில் ஓர் இழை கூடிப்போய், அவிழ்த்துத் திரும்பச் செய்தேன். ஊடையில் நீங்கள் சொன்னபடியே முதல் ஏழு வரிசையையும் இழுத்துவிட்டேன். பலகையில் இருக்கும்வரை தெரியவில்லை. குண்டூசியை எடுத்ததும் அந்த இடம் கிண்ணம் மாதிரி குழிந்து நின்றது. அழுகை வந்துவிட்டது. மகள்தான் ஊசி முனையால் ஒவ்வொரு வரிசையாக அவிழ்த்துத் தந்தாள். இரண்டாம் தடவை அவள் நூலை வில்லாகப் பிடித்துக்கொள்ள, நான் முள்கரண்டியால் தட்டினேன். தட்டத் தட்ட நூல் ஒன்றோடொன்று நெருங்கி, பழைய துணிக்கு இருக்கிற அந்தச் சொரசொரப்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. இப்போது சமமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே தொடங்குகிறது என்று தேடத்தான் வேண்டும்.

கண்ணைத் திறந்தால் நன்றாகவே தெரியும். நாற்பது வருடம் புழங்கி அடங்கிய சிவப்புக்கு இணையான நூல் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. புதுச் சிவப்பு கண்ணைக் குத்தியது. கடைசியில் அந்த ஓட்டை முழுவதையும் பக்கத்துப் பட்டையில் இருக்கும் கருநீலத்தில் நெய்துவிட்டேன். சிவப்புப் பட்டையின் நடுவில் ஒரு நீலக் கட்டம் நிற்கிறது. இது தப்பா அக்கா? அவிழ்க்க வேண்டுமா?

இன்னும் இரண்டு சந்தேகம். முன்னறையில் டைல்ஸ் தரை, விரித்தால் வழுக்குகிறது. மாமனாருக்கு எண்பது வயது. அந்த அறையில் மேற்கு ஜன்னல் வேறு இருக்கிறது, சாயங்கால வெயில் நேராக விழும்.

*

பதில்: நீலவாசல்

வழுக்காமல் இருக்க, வலை மாதிரி ரப்பர் விரிப்பு கிடைக்கிறது. விளிம்புக்கு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வெட்டி அடியில் போடுங்கள். ஆனால் பெரியவர் நடக்கும் வழியில் வேண்டவே வேண்டாம். ஜமுக்காளத்தின் ஓரம் லேசாகத் தூக்கினாலும் கால் தட்டும். சுவர் ஓரமாக, உட்காருவதற்கு மட்டும் விரித்துவிட்டு, எழுந்ததும் சுருட்டுவது நல்லது. அந்தக் காலத்தில் அப்படித்தானே வைத்திருந்தார்கள்.

நான் சொன்னதைவிடக் கூடுதுறை அக்கா சொன்னதுதான் சரி. நானும் அன்றைக்கு யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

*

பதில்: கூடுதுறை

அம்மணி, அவிழ்க்காதீர்கள். நீலம் நீலமாகவே இருக்கட்டும். எங்களிடம் பழுதுக்கு வரும் விரிப்புகளில் இணையான நிறம் கிடைக்காதபோது நாங்களும் அந்த விரிப்பிலேயே இருக்கும் இன்னொரு நிறத்தைத்தான் எடுப்போம். வெளியிலிருந்து ஒரு நிறத்தைக் கொண்டுவந்தால்தான் ஒட்டாமல் நிற்கும்.

ஏழு வரிசையை அவிழ்த்தீர்கள் பாருங்கள், அது எனக்குப் பெரிய சந்தோஷம். நான் முதன்முதலில் நெய்த அரை முழத்தையும் அப்பா அவிழ்க்கச் சொன்னார். ஒரு வார்த்தை திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்த்த நூலைச் சுற்றிக் கொடுத்தார்.

மேற்கு வெயில்தான் எனக்குக் கவலை. தினமும் ஒரே பட்டையில் வெயில் விழுந்தால் இரண்டு வருடத்தில் அந்த இடம் மட்டும் வெளிறிவிடும், நூலும் சேர்ந்து இற்றுப்போகும். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள், அல்லது நீலவாசல் சொன்னபடி தேவைக்கு விரித்துச் சுருட்டுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள், தேய்மானம் ஒரே இடத்தில் சேராது. ஜமுக்காளத்துக்கு இரண்டு பக்கமும் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புரட்டியும் போடலாம். உங்கள் தையல் அடியில் முடிச்சு இல்லாமல் இருந்தால் புரட்டுவதற்குத் தடையே இல்லை.

சுருட்டி வைக்கும்போது நாப்தலீன் உருண்டையைத் துணியின்மேல் போடாதீர்கள். வசம்பானாலும் வேப்பிலையானாலும் தனித் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் பிரித்துக் காற்றாட விடுங்கள். இராமபாணப் பூச்சி இருந்தால் அன்றைக்குக் கண்ணில் படும்.

கீறலுக்கு அடியில் வேட்டித் துண்டு வைத்தாயிற்றா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. மடிப்புக் கீறலைத் தள்ளிப்போடாதீர்கள், ஆட்கள் உட்கார ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் ஒரு சாணுக்கு ஓடிவிடும்.

*

மாடிப்படி

இல்லை அக்கா, கீறலை இன்னும் தொடவில்லை. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். நாளைக்குத் தம்பி வருகிறான். விரித்த ஜமுக்காளத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், நீலக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அந்தக் கீறலை நான் வந்து பிடித்துக்கொள்கிறேன், நீ தை" என்று சொல்லியிருக்கிறான்.